புத்தகத் திருவிழா நடத்தப் போகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

சிறிய அளவில் புத்தகத் திருவிழா நடத்துவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்கள் வாசகர் வட்டம் முதல்முறையாக ஒருநாள் திருவிழா நடத்துகிறது. பெரிய கூடம் ஒன்று, ஒட்டினாற்போல் இரண்டு அறைகள். ஏழு எழுத்தாளர்கள் வரச் சம்மதித்துவிட்டார்கள். காலை 10 முதல் மாலை 5 வரை நேரத்தை எப்படிப் பிரிப்பது?

ஏழு பேருக்கு ஏழு அமர்வு என்று போட்டுவிடாதீர்கள். உங்களிடம் இருப்பது 420 நிமிடம். ஒரு அமர்வு 45 நிமிடம், அதன்பின் 30 நிமிட இடைவெளி என்று வைத்தால் ஓர் அமர்வுக்கு 75 நிமிடம். ஐந்து அமர்வுக்கு 375 போக, மீதி 45 நிமிடம் சாப்பாட்டு நேரத்தோடு சேர்ந்துகொள்ளும். அமர்வுகள் 10.00, 11.15, 12.30, 2.30, 3.45 மணிக்குத் தொடங்கும். கடைசி அமர்வு 4.30க்கு முடியும். மூன்று பேரைத் தனியாகவும், மீதி நால்வரை இருவர் இருவராகவும் மேடையேற்றுங்கள். ஜோடி சேர்க்கும்போது ஒரே மாதிரி எழுதுகிறவர்களைத் தேடுவதைவிட, ஒருவர் சளைக்காமல் பேசுகிறவராகவும் மற்றவர் கேட்டால் மட்டும் பேசுகிறவராகவும் இருந்துவிடாமல் பார்ப்பது முக்கியம். அப்படி அமைந்தால் 45 நிமிடமும் ஒருவருடையதாகிவிடும்.

30 நிமிட இடைவெளி வீண் என்று குழுவில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். கூட்டம் வெளியேறவே ஐந்தாறு நிமிடம் ஆகும். நாற்காலியைச் சரிசெய்து, அடுத்தவருக்கு மைக் பார்த்து, முன்வரிசையில் மறந்துவிட்டுப் போன பையை எடுத்துவைக்க இன்னும் பத்து. அந்த நேரத்தில்தான் வெளியே புத்தகம் விற்கிறது, கையெழுத்து வாங்குகிறார்கள், பிள்ளைகளைத் தேடுகிறார்கள். இடைவெளியைப் 10 நிமிடமாகச் சுருக்கினால் முதல் தாமதம் மாலை வரை உருண்டுகொண்டே போகும். கடைசி எழுத்தாளர் பாதி காலி அரங்கில் பேசுவார்.

வாசலை 9.30க்கே திறந்துவிடுங்கள். பத்து மணிக்குக் கதவு திறந்து பத்து மணிக்கே அமர்வு என்றால் முதல் அமர்வு வெறும் நாற்காலிகளுக்குத்தான்.

சிறு பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகள் எல்லாம் முற்பகலில் இருக்கட்டும்; சாப்பிட்டபின் அவர்கள் அங்கே இருப்பார்களே தவிர, கவனம் இருக்காது. 8 வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று அறிவிப்பிலேயே எழுதுங்கள். அதற்கு மேற்பட்டவர்களை விட்டுவிட்டுப் போகலாம் என்றால், அறையில் எப்போதும் இரண்டு பொறுப்பாளர்களும், யார் விட்டார்கள், யார் அழைத்துப் போனார்கள் என்று எழுதும் நோட்டும் வேண்டும். பிள்ளைகள் அறை, அமர்வு நடக்கும் கூடத்தோடு சுவரைப் பகிர்ந்துகொள்ளாத அறையாக இருப்பது நல்லது.

கேள்வி: கேள்வி நேரம் என்றாலே பயமாக இருக்கிறது. சென்றமுறை ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் கருத்தையே பேசிக்கொண்டிருந்தார். மைக்கும் இடையிடையே ஊளையிட்டது. என்ன செய்யலாம்?

மைக்கைக் கேட்பவர் கையில் கொடுக்கவே கூடாது. தன்னார்வலர் ஒருவர் பக்கத்தில் நின்று தானே பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் முன்னுரை ஆரம்பித்து முடிக்கவில்லை என்றால், மைக் மெல்ல நகரும். சண்டை இல்லாமல் முடிந்துவிடும். இன்னும் பாதுகாப்பான வழி, அமர்வு தொடங்கும்போதே சிறு தாள்களைக் கொடுத்து 30வது நிமிடத்தில் திரும்ப வாங்கிவிடுவது. நெறியாளர் ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, ஆறு ஏழை மட்டும் வாசிக்கலாம். கூட்டத்தில் எழுந்து பேசக் கூச்சப்படுகிறவர்களின் கேள்வியும் இப்படித்தான் மேடைக்கு வரும். பெரும்பாலும் நல்ல கேள்வி அவர்களுடையதுதான்.

எழுத்தாளர் வாசித்துக்காட்டும் பகுதி 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தேர்ந்துவரச் சொல்லுங்கள். மேடையில் உட்கார்ந்து பக்கம் புரட்டும் இரண்டு நிமிடம் அரங்குக்கு மிக நீளமாகத் தெரியும்.

ஊளைக்கு இரண்டு காரணங்கள்தான் அடிக்கடி. ஒன்று, ஒலிபெருக்கி மேடைக்குப் பின்னால் அல்லது மைக்குக்கு நேரெதிரே இருப்பது. பேசுகிறவரைவிட முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி வையுங்கள். இரண்டு, பேசுகிறவர் மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது. அப்படிப் பிடித்தால் முன்பக்க ஒலியை மட்டும் வாங்க வேண்டிய மைக் நாலாபுறத்திலிருந்தும் வாங்கத் தொடங்கும். நடுத்தண்டில் பிடித்து, வாயிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை தள்ளி வைத்துப் பேசச் சொல்லுங்கள். கம்பியில்லா மைக் என்றால் பேட்டரியை மதியம் ஒருமுறை மாற்றிவிடுங்கள், தீர்ந்திருந்தாலும் தீராவிட்டாலும்.

கேள்வி: கையெழுத்து வரிசை கலைந்து, எழுத்தாளர் எழுந்து போக முடியாமல் நின்றுவிட்டார். முறைப்படுத்த வழி உண்டா?

உண்டு, மேடையிலேயே கையெழுத்துப் போட வைக்காமல் இருப்பதில் அது தொடங்குகிறது. மேசையைக் கூடத்துக்கு வெளியே, விற்பனை மேசையைத் தாண்டியதும் வையுங்கள். வாங்கினபின் வரிசை, வரிசைக்குப் பின் வெளிவாசல். எதிரெதிர் திசையில் யாரும் நடக்கக்கூடாது.

ஒருவருக்குச் சராசரியாக ஒரு நிமிடம், படம் எடுத்துக்கொண்டால் இரண்டு. அரை மணியில் 30 பேருக்கு மேல் முடியாது. அதனால் வரிசை நீண்டதும், தன்னார்வலர் ஒருவர் ‘கடைசி நபர்’ என்று எழுதிய அட்டையோடு வரிசையின் வாலில் நின்றுகொள்ள வேண்டும். அவருக்குப் பின்னால் வருகிறவரிடம் அப்போதே சொல்லிவிடலாம். நாற்பது நிமிடம் நின்றபின் சொல்வதுதான் கோபத்தைக் கிளப்புகிறது.

வரிசையில் நிற்கும்போதே ஒவ்வொருவரிடமும் துண்டுத்தாள் கொடுத்து, யார் பெயருக்கு என்று எழுத வைத்து, உள்தலைப்புப் பக்கத்தில் செருகிவிடுங்கள். சத்தத்தில் காதால் கேட்டு எழுதினால் ‘கண்ணன்’ எப்படியும் பிழைத்துக்கொள்வார். ‘தமிழ்ச்செல்வி’ பாடு திண்டாட்டம். ழ, ள, ல மூன்றும் அந்த இரைச்சலில் ஒன்றுதான். தப்பாக எழுதிய புத்தகத்தை மாற்றித்தரப் பதிப்பாளர் இல்லை, நீங்கள்தான்.

பேனா விஷயத்திலும் கவனம் வேண்டும். வழவழப்பான தாளில், குறிப்பாகப் படக்கதைப் புத்தகங்களில், ஜெல் பேனா மை சீக்கிரம் காயாது. உடனே மூடினால் எதிர்ப்பக்கத்தில் அச்சு விழும். பெயர் எழுதிய துண்டுத்தாளையே நடுவில் வைத்து மூடலாம். தடித்த மார்க்கர் சாதாரணத் தாளில் மறுபக்கம் ஊறித் தெரியும். சாதாரணத் தாளுக்குப் பால்பாயிண்ட் பேனா போதும். எதுவானாலும் ஒரே வகைப் பேனா நான்கு இருக்கட்டும்.

கேள்வி: எத்தனை பிரதி வாங்கி வைப்பது? மீந்துபோனால் கைக்காசு போய்விடுமே.

மீந்ததைத் திருப்பித் தரலாம் என்ற ஏற்பாட்டில் மட்டும் எடுங்கள், அதுவும் எழுத்தில். எத்தனை நாளுக்குள் திருப்ப வேண்டும், போக்குவரத்துச் செலவு யாருடையது, சேதமான பிரதியின் விலை யார் தலையில் என்ற மூன்றும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

எண்ணிக்கைக்குச் சரியான சூத்திரம் கிடையாது. அரங்கில் எதிர்பார்ப்பவர்களில் நால்வருக்கு ஒரு பிரதி என்று புதுப் புத்தகத்துக்கும், அதே எழுத்தாளரின் பழைய புத்தகங்களுக்குத் தலைப்புக்கு ஐந்தும் வைத்துக்கொண்டு தொடங்கலாம். பேசப்போவது எந்தப் புத்தகம் பற்றி என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சு ஒரு புத்தகத்தைப் பற்றி, மேசையில் இன்னொன்று என்ற அபத்தம் அடிக்கடி நடக்கிறது.

180 × 75 செ.மீ. மேசையில், 14 × 21.5 செ.மீ. புத்தகங்களை அட்டை தெரியப் படுக்கவைத்தால் ஒரு வரிசைக்கு 12, மூன்று வரிசை, ஆக 36 தலைப்புகள். முதுகு மட்டும் தெரிய அடுக்கினால் நிறைய கொள்ளும்; ஆனால் பிள்ளைகள் புத்தகத்தை முதுகைப் பார்த்து யாரும் எடுப்பதில்லை. விலைச் சிட்டையை அட்டையில் ஒட்டவே வேண்டாம், உரிக்கும்போது மேல்பூச்சு கையோடு வரும். அப்படி வந்த பிரதியைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். புத்தகத்துக்குள் அட்டைத்துண்டாக வையுங்கள்.

தூக்குகிறவர்களையும் நினையுங்கள். அந்த அளவில் 320 பக்கம், 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாள் என்றால் ஒரு பிரதி ஏறக்குறைய 350 கிராம். நாற்பது போட்ட பெட்டி 14 கிலோ. அதற்கு மேல் நிரப்பினால் பெட்டியின் அடி பிரியும், அல்லது ஒருவர் முதுகு பிடிக்கும்.

கேள்வி: பிள்ளைகளுக்குச் செலவில்லாத, ஆனால் புத்தகத்தோடு சம்பந்தமுள்ள ஒரு செயல்பாடு சொல்லுங்கள்.

ஒரே ஒரு ஏ4 தாளில் எட்டுப் பக்கப் புத்தகம். பசை வேண்டாம், ஊசி நூல் வேண்டாம், கத்தரிக்கோல் மட்டும்.

தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து, நகத்தால் அழுத்தி, விரியுங்கள். பிறகு குறுக்காக இரண்டாக மடித்து, அதே திசையில் இன்னொரு முறை மடித்து, விரியுங்கள். இப்போது எட்டுக் கட்டம் தெரியும். மறுபடி குறுக்காக ஒருமுறை மட்டும் மடியுங்கள். மடிப்பு விளிம்பு ஒரு பக்கம், திறந்த விளிம்பு எதிர்ப்பக்கம். மடிப்பு விளிம்பிலிருந்து நடுக்கோட்டில் வெட்டத் தொடங்கி, குறுக்கே இருக்கும் முதல் மடிப்புக்கோடு வந்ததும் நிறுத்துங்கள். தாளை விரித்தால் நடுவில் இரண்டு கட்ட நீளத்துக்கு ஒரு பிளவு இருக்கும். நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் பிளவு கட்டம்போல் திறந்து, பக்கங்கள் கூட்டல் குறியாக விரியும். அவற்றை ஒரே பக்கமாகச் சுற்றி மடித்தால் புத்தகம் தயார். ஒவ்வொரு பக்கமும் 74 × 105 மி.மீ.

தப்பு நடப்பது ஒரே இடத்தில்தான்: திறந்த விளிம்பிலிருந்து வெட்டிவிடுவார்கள். வெட்டு ஓரங்களில் விழும், நடுவில் பிளவு இருக்காது, புத்தகம் மடியாது. 6 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு முன்பே மடித்து வெட்டிக் கொடுத்துவிடுங்கள். மற்றவர்களுக்கும் மடித்து முடித்தபின்தான் பக்க எண் போடச் சொல்லுங்கள். விரித்த தாளில் நான்கு கட்டங்கள் தலைகீழாக இருக்கும், நேராக எழுதினால் பாதிக் கதை தலைகீழாகிவிடும். எல்லாப் பக்கமும் தாளின் ஒரே முகத்தில் இருப்பதால், பிள்ளை எழுதியதை விரித்து ஒற்றைப்பக்க நகல் எடுத்தால் புத்தகத்தின் ‘இரண்டாம் பிரதி’ கிடைக்கும். பிள்ளைகளுக்கு இந்தச் சங்கதிதான் பெரிய ஆச்சரியம். முடிந்தால் நகல் இயந்திரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

ஆளுக்கு மூன்று தாள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று கெடும், ஒன்று சரியாக வரும், ஒன்று தம்பிக்கோ தங்கைக்கோ போகும்.

கேள்வி: கதை வாசிப்பை வீடியோ எடுத்து வலையேற்றலாமா?

பதிப்புரிமை உள்ள புத்தகம் என்றால் எழுத்தில் அனுமதி வாங்காமல் கூடாது. படக்கதையில் எழுத்து ஒருவருடையது, ஓவியம் இன்னொருவருடையது. பதிப்பகத்திடம் கேட்கும்போது இரண்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள். பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தப்படி எழுத்தாளர் இறந்தபின் குறைந்தது 50 ஆண்டு பாதுகாப்பு உண்டு, பல நாடுகளில் அதைவிட அதிகம். வாய்மொழிக் கதையை உங்கள் சொந்த வார்த்தைகளில் சொன்னால் இந்தத் தொல்லை இல்லை. பிள்ளைகளின் முகம் தெரிகிறது என்றால் பெற்றோர் சம்மதம் தனி.

வாசிக்கிறவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காரக்கூடாது. வெளிச்சத்தில் அவர் முகமும் படமும் இருட்டாகிவிடும். பிள்ளைகளின் முதுகுதான் கதவைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வருகிற ஒவ்வொருவரும் கதைக்குள் வருவார்கள். இருபது, இருபத்தைந்து பிள்ளைகளுக்கு மேல் படம் தெரியாது. நேரம் 20 நிமிடம்.

கேள்வி: பழைய புத்தகப் பரிமாற்றம் வைத்தால் பாடநூல்களும் தேர்வுக் கையேடுகளுமாகக் குவிகின்றன.

எதை வாங்க மாட்டோம் என்பதை விளம்பரத்திலேயே போடுங்கள்: பாடநூல், தேர்வு வழிகாட்டி, பூச்சி அரித்தது, பக்கம் கழன்றது. கொடுக்கிற புத்தகம் ஒன்றுக்கு ஒரு டோக்கன். பிள்ளைகள் புத்தகத்துக்கு ஒரு நிறம், பெரியவர்கள் புத்தகத்துக்கு இன்னொரு நிறம். இல்லாவிட்டால் பிள்ளைகள் மேசை முற்பகலிலேயே காலியாகிவிடும். ஈரவாடை அடிக்கும் புத்தகத்தை வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பூஞ்சை பக்கத்துப் புத்தகத்துக்கும் பரவும்.

கேள்வி: கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால்? சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு என்ன ஏற்பாடு?

நுழைவிலேயே கைப்பட்டை. அதில் பெற்றோரின் கைபேசி எண் மட்டும் போதும். பிள்ளையின் பெயர் வெளியே தெரியக்கூடாது, பெயர் சொல்லி அழைக்கும் அந்நியரைப் பிள்ளை நம்பிவிடும். அதே காரணத்தால் ஒலிபெருக்கியிலும் பிள்ளையின் பெயர், உடை நிறத்தைச் சொல்ல வேண்டாம். தொலைந்தால் வர வேண்டிய இடம் ஒன்று, எல்லாத் தன்னார்வலருக்கும் தெரிந்ததாக.

மேசைகளுக்கு நடுவே 120 செ.மீ. விடுங்கள், 90 இருந்தால் சக்கர நாற்காலி போகும், ஆனால் எதிரே ஒருவர் வந்தால் நின்றுவிடும். திரும்ப 150 செ.மீ. சதுரம் வேண்டும். அமர்வில் அவர்களுக்கான இடம் கடைசி வரிசை ஓரத்தில் மட்டும் இருக்கக்கூடாது. நடுவில் ஒரு நாற்காலியை எடுத்துவிட்டால் கூட வந்தவரும் பக்கத்திலேயே உட்காரலாம்.

கேள்வி: கூடம் கிடைக்கவில்லை, திறந்தவெளியில்தான். மழை வந்தால்?

மழையைவிட வெயிலும் காற்றும் அதிகம் கெடுக்கும். நேர்வெயிலில் அட்டை நெளியும், சிவப்பும் மஞ்சளும் மற்ற நிறங்களுக்கு முன்னால் வெளுக்கும். அதனால் மேசைகளை மதிய நிழல் எங்கே விழும் என்று முந்தைய நாள் அதே நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டுப் போடுங்கள். மழைக்குக் கூரை மட்டும் போதாது. சாரல் ஓரத்திலிருந்து வரும், ஆகவே மேசை விளிம்பு கூரை ஓரத்திலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் உள்ளே இருக்கட்டும். பெட்டிகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். மேசைக்கு ஒன்றாக, ஏற்கெனவே அளவு வெட்டிய பிளாஸ்டிக் விரிப்பு மேசைக்கடியில் இருந்தால், முதல் தூறலில் இரண்டு பேர் ஒரு நிமிடத்தில் மூடிவிடலாம். மழை விட்டதும் உடனே எடுத்துவிடுங்கள். உள்ளே வேர்த்து, மழை தொடாத புத்தகமும் ஈரமாகும்.