கர்ப்பம் தெரியாமல் போட்ட மாத்திரை

கருவைக் கலைக்க வேண்டாம். 'கர்ப்பம் தெரியாமல் மாத்திரை போட்டுவிட்டேன், கலைத்துவிடலாமா?' இரண்டு பக்கக் கடிதத்தில் நீங்கள் உண்மையில் கேட்பது அது ஒன்றுதான்.

கடைசி மாதவிலக்கு தொடங்கி இன்றோடு 5 வாரம். காய்ச்சலுக்கு அமாக்ஸிசிலினும் இபுபுரூஃபனும் நீங்களாகவே வாங்கிப் போட்டது 15 நாள் முன்பு. மாதவிலக்கு 28 நாளுக்கொரு முறை சரியாக வருவதால், அப்போது கருவுக்கு வயது சுமார் 6 நாள். நூறு, இருநூறு செல்கள் சேர்ந்த ஓர் உருண்டை, அவ்வளவுதான். அதன் வெளிச்சுற்று நஞ்சுக்கொடியாகும். உள்ளே ஓரமாகக் குவிந்திருக்கும் செல்களிலிருந்துதான் குழந்தை வரும். இணையத்தில் படித்து நீங்கள் பயந்த ஸ்டெம் செல்கள், அதாவது எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய செல்கள், இவைதான். 'ஒன்று சிதைந்தாலும் ஓர் உறுப்பு உருவாகாது' என்று எழுதியவர் விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார். அந்த வயதில் எந்தச் செல்லும் இதயமாகவோ மூளையாகவோ மாறத் தொடங்கியிருக்காது. அதனால் நாலு செல் செத்தாலும் பக்கத்தில் இருப்பவை பெருகி ஈடுகட்டிவிடும். செயற்கைக் கருத்தரிப்பில், 8 செல் கருவிலிருந்து ஒரு செல்லை மரபணுச் சோதனைக்கு எடுத்த பிறகும் முழுமையான குழந்தைகள் பிறந்திருக்கின்றன. ஈடுகட்ட முடியாத சேதமென்றால் கரு பெரும்பாலும் தங்காது. முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் போல உடம்பில் நாள்கணக்கில் தங்கும் மருந்துகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நீங்கள் அதைப் போடவில்லை.

கடிதத்தில் நீங்கள் கவலைப்பட்டிருக்கும் பல் எக்ஸ்ரேயையும் தலைச்சாயத்தையும் மறந்துவிடுங்கள்.

ஆனால் அந்தச் சலுகைக் காலம் முடிந்துவிட்டது. கரு உண்டான 3வது வாரத்தில் செல்கள் மூன்று அடுக்காகப் பிரிகின்றன: மேலடுக்கு மூளைக்கும் தோலுக்கும், நடு அடுக்கு இதயத்துக்கும் எலும்புக்கும், உள்ளடுக்கு குடலுக்கும் நுரையீரலுக்கும். வேலை பிரித்துக் கொடுத்தாகிவிட்டால் ஒன்றின் இடத்துக்கு இன்னொன்று வராது. மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உண்டான 28ஆம் நாள் வாக்கில் மூடிவிடும். உங்களுக்கு அதற்கு இன்னும் ஒரு வாரம்தான். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் இன்றே தொடங்குங்கள். பயத்தில் தைராய்டு மாத்திரையை நிறுத்தியதாக எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான் குழந்தையின் மூளை இப்போது வளரும். இன்றைக்கே மறுபடி போடுங்கள். கர்ப்பத்தில் அளவைக் கூட்ட வேண்டியும் வரலாம்.

சரி, இனி நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியது: 'இடது அடிவயிற்றில் மூன்று நாளாக இழுக்கிற வலி, லேசாகப் பழுப்பு நிறத்தில் படுகிறது.' நான் முதலில் படித்திருக்க வேண்டிய வரி. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கினாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். வளர வளரக் குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம். சிறுநீர்ச் சோதனையில் அப்போதும் அதே இரண்டு கோடுதான். இன்றோ நாளையோ மகப்பேறு மருத்துவரிடம் போய், உள்வழி ஸ்கேனும் (பெண்ணுறுப்பு வழியாகப் பார்ப்பது) ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவும் பாருங்கள். கரு மிகச் சிறிதாக இருந்தால் முதல் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். 48 மணி நேரம் கழித்து ரத்தத்தை மறுபடி பார்க்கச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள்.

அதற்குள் வலி திடீரென்று கூடினாலோ, தோள்பட்டை முனையில் வலித்தாலோ, தலைசுற்றி விழப்பார்த்தாலோ, இரவு 2 மணியானாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வலி மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள்.