பெயர்த்தெடுத்த சுவர்

அன்புள்ள ஐயா,

போன மாதம் மகனைப் பார்க்க பார்சலோனா சென்றிருந்தோம். அங்குள்ள கத்தலோனியத் தேசிய அருங்காட்சியகத்தில் தாவுல் கிராமத்துப் புனித கிளமெந்து ஆலயத்தின் கிறிஸ்து ஓவியத்துக்கு முன்னால் அரைமணி நேரம் நின்றேன். பிறகு பிரனீஸ் மலையேறி அந்தக் கிராமத்துக்கே போனோம். பீடத்துக்குப் பின்னால் சுவர் வெறுமையாக இருக்கிறது. புரொஜெக்டர் வைத்து படம் காட்டுகிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஓர் ஏழைக் கிராமத்துச் சாமியைப் பெயர்த்து நகரத்துக்குக் கொண்டுபோவது திருட்டில்லையா? திருப்பிக் கொடுத்தால் என்ன?

ம.

அன்புள்ள ம.,

ஏழைக் கிராமம் என்கிறீர்கள். 1123 டிசம்பர் 10 அன்று ரோடா மறைமாவட்டத்தின் ஆயர் ராமோன் அந்த ஆலயத்தை அர்ச்சித்துத் திறந்துவைத்தார். மறுநாளே, கூப்பிடு தூரத்தில் இருக்கும் புனித மரியா ஆலயத்தையும். 1500 மீட்டர் உயரத்தில் ஒரு சிற்றூருக்கு அடுத்தடுத்த நாளில் இரண்டு கோயில்கள்! அந்தப் பணம் மலையில் விளைந்ததல்ல. பள்ளத்தாக்கை ஆண்ட ஏரில் குடும்பத்தார் அரகோன் அரசனோடு சேர்ந்து தெற்கே முஸ்லிம் அரசுகள் மீது போருக்குப் போய் ஈட்டியது. வறுமை பின்னால் வந்தது. இடித்துப் புதிதாகக் கட்டக் காசில்லாததால்தான் அந்தக் கோயில்கள் பிழைத்தன.

அந்தக் கிறிஸ்துவின் கையில் விரித்த புத்தகம், அதில் லத்தீனில் 'உலகின் ஒளி நானே'. முடி இரு தோள்களிலும் கயிறு கயிறாக இறங்குகிறது. எல்லாரும் அந்த முகத்தையே பார்த்துவிட்டுப் போகிறார்கள். நீங்கள் அதன் காலடியைப் பார்த்தீர்களா? நற்செய்தியாளர்களின் அடையாளங்களான சிங்கமும் காளையும் அங்கே வட்டங்களுக்குள் இருக்கின்றன. ஒரு வானதூதர் சிங்கத்தின் பின்னங்காலைப் பிடித்திருக்கிறார், இன்னொருவர் காளையின் வாலை. திமிறும் கன்றை நிறுத்துகிற ஆள் போல. கீழே நின்று பார்த்த மேய்ச்சல்காரர்களுக்கு அதை யாரும் விளக்கியிருக்க வேண்டாம். மேலே வளைவில் ஏழு கண்களுள்ள ஆட்டுக்குட்டி, இன்னொரு பக்கம் விவிலியக் கதையில் வரும் ஏழை இலாசரின் புண்ணை நக்கும் நாய். நீலம்கூட உள்ளூர்தான், பிரனீஸில் கிடைக்கும் ஏரினைட் என்ற கனிமம்.

பின்னாளில் வைத்த பலிபீடப் பலகை இதையெல்லாம் மறைத்துவிட்டது. 1907ல் கட்டடக்கலைஞர் புயிச் இ கடஃபால்க் குழுவாக வந்து பள்ளத்தாக்கை ஆவணப்படுத்தினார். ஓவியங்களின் பிரதிகள் அச்சில் வந்தன. பின்னாலேயே வியாபாரிகளும் வந்தார்கள். 1919ல் மூர் என்னும் ஊரின் புனித மரியா ஆலயச் சித்திரத்தை விலைபேசி, இத்தாலியத் தொழிலாளர்களைக் கொண்டு உரித்தார்கள். அது கப்பலேறி அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. சட்டப்படி அதில் குற்றமில்லை. அலறியடித்துக்கொண்டு எழுந்த பார்சலோனா அருங்காட்சியக வாரியம் மிச்சமிருந்த ஓவியங்களை விலைகொடுத்து வாங்கியது. உரிக்க யாரை அழைத்தது தெரியுமா? அதே இத்தாலியர்களை. அங்கே வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது.

ஓவியத்தின் மேல் விலங்குப் பசையில் நனைத்த துணியை ஒட்டுவார்கள். பசை காயும்போது இறுகி வண்ணத்தோலைப் பற்றிக்கொள்ளும். துணியை இழுத்தால் வண்ணமும் கூடவே வரும். சுருட்டிக் கோவேறு கழுதைமேல் ஏற்றி இறக்கினார்கள். நகரத்தில் பின்பக்கம் வேறு துணி ஒட்டி, முன்துணியை வெந்நீரால் நீக்கி, சுவரின் வளைவுக்கே செய்த மரச்சட்டத்தில் பொருத்தினார்கள்.

ஆகவே அது திருட்டு அல்ல. திருட்டைவிடச் சங்கடமானது: அடுத்தவன் கொண்டுபோய்விடுவான் என்று தன் வீட்டுக் கதவைத் தானே பெயர்த்துவைப்பது. திருப்பிக் கொடுக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இன்னொரு முறை உரிக்க அந்த வண்ணத்தோல் தாங்காது.

புரொஜெக்டரில் எனக்கு உங்களளவு கோபமில்லை. அதற்கு முன் ஐம்பது வருடத்துக்கு மேல் அங்கே ஒரு நகல் ஓவியம் இருந்தது. அது அசல் மாதிரி நடித்தது. 2013ல் வந்த இந்த ஒளி பத்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது, அவ்வளவில் நேர்மையானது. நகலை அகற்றிய சுவரில் துணியோடு போகாமல் தங்கிவிட்ட வண்ணத் துணுக்குகள் இருக்கின்றன. காயீன் ஆபேலைக் கொல்லும் காட்சியின் ஒரு துண்டும் அந்தக் கோயிலிலேயே இருக்கிறது. 1123ல் பூசிய இடத்திலேயே.

மற்றபடி, திருப்பிக் கேட்பதென்றால் பாஸ்டனிடம் கேளுங்கள். அங்கும் ரசீது காட்டுவார்கள்.