நீங்கள் வராவிட்டால் அந்த வகுப்பை யார் எடுப்பார்?

வணக்கம் அம்மா.

பட்டப்படிப்பை முடித்த கையோடு, வெளிநாட்டில் ஏழைகள் வாழும் பகுதியிலுள்ள ஒரு கிறிஸ்தவ மிஷன் பள்ளியில் ஓராண்டு சம்பளமில்லாமல் வேலை செய்யப்போகிறேன் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறார், போகவிடலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகவிடலாம். ஆனால் எந்தப் பள்ளி என்பது தெளிவாகத் தெரிந்த பிறகு.

கடிதத்தில் "ஆப்பிரிக்காவில் ஒரு பள்ளி" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஆப்பிரிக்காவில் 54 நாடுகள் இருக்கின்றன. விசா, சட்டம், நோய், பள்ளிக்கூடம் எல்லாமே நாட்டுக்கு நாடு வேறு. நாட்டின் பெயர், ஊரின் பெயர், பள்ளியின் பெயர், பள்ளியை நடத்தும் சபையின் பெயர், இந்த நான்கையும் முதலில் மகளிடம் கேட்டு வாங்குங்கள். இதில் ஏதாவது ஒன்றுக்கு "அங்கே போனதும் சொல்வார்களாம்" என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

பெயர்கள் கிடைத்ததும், அந்தப் பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். நீளமாக எல்லாம் வேண்டாம். "நான் வராவிட்டால் அந்த வகுப்பை யார் எடுப்பார்?" என்ற ஒரு கேள்வி போதும். "எங்கள் ஆசிரியை எடுப்பார். நீங்கள் வந்தால், வாசிக்கத் திணறும் பத்துப் பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் கிடைக்கும்" என்கிற மாதிரி பதில் வந்தால் நல்லது. "யாரும் இல்லை, உங்களைத்தான் நம்பியிருக்கிறோம்" என்று வந்தால் மகளுக்கு மனசு உருகும். உருகட்டும், ஆனால் அங்கே போகவேண்டாம். அவர் திரும்பி வரும் நாளில் அந்தப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் இருக்கமாட்டார். அனுபவமே இல்லாத ஒரு பெண்ணின் தலையில் முழு வகுப்பையும் கட்டுகிற பள்ளி, வேறு எதையெல்லாம் கவனிக்காமல் விட்டிருக்கும் என்றும் யோசித்துப் பாருங்கள்.

மிஷன் பள்ளி என்றால் வெளிநாட்டுக்காரர் வந்து கட்டிக்கொடுத்து, வெளிநாட்டுக்காரரே நடத்துவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நிலைத்து நின்ற பள்ளிகள் பலவற்றின் கதை வேறு மாதிரி. 1955-ல் வெனிசுவேலாவின் தலைநகர் கராகஸில், இயேசு சபைக் குரு ஹோசே மரியா வேலாஸ் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்க இடம் தேடினார். அப்ரஹான் ரெயெஸ் என்ற கொத்தனார், தானே கட்டிய வீட்டில் இடம் கொடுத்தார். பெஞ்சு கிடையாது, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படித்தார்கள். 'நம்பிக்கையும் மகிழ்ச்சியும்' என்று பொருள்படும் 'ஃபே இ அலெக்ரியா' என்ற பள்ளி இயக்கம் அந்த வீட்டில் தொடங்கியதுதான். இன்று லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் அதன் பள்ளிகள் இருக்கின்றன, ஆப்பிரிக்காவிலும் சில. மகள் போகும் பள்ளியில் அந்தக் கொத்தனாரின் இடத்தில் யார் இருக்கிறார் என்று விசாரியுங்கள். பெற்றோர் குழு ஒன்று இருக்கலாம், அந்த ஊர்க்காரரே தலைமையாசிரியராக இருக்கலாம். அப்படி யாருமே இல்லாமல், கடல் கடந்து வரும் பணத்தையும் ஆட்களையும் மட்டுமே நம்பி ஓடுகிற பள்ளி என்றால் எனக்குத் தயக்கம்தான்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஓர் இளைஞர் இப்படி ஒரு பள்ளியில் ஒன்பது மாதம் இருந்துவிட்டுத் திரும்பியதும் தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். முதல் சில பக்கங்கள் முழுக்கப் பிள்ளைகளின் பெயர்கள், மொத்தம் 64. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அதை எப்படிச் சொல்வது என்று பென்சிலில் குறிப்பு. பெயர் வாயில் நுழையாமல் முதல் மூன்று வாரம் எல்லாரையும் "நீ சொல்லு, நீ சொல்லு" என்று விரல் நீட்டியே கூப்பிட்டிருக்கிறார். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அந்த ஊர் ஆசிரியை அவரைத் தனியாக அழைத்து, பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஆசிரியரை இங்கே யாரும் மதிக்கமாட்டார்கள் என்று சொன்னாராம். அன்றைய தேதியைப் பக்கத்தின் மூலையில் குறித்து வைத்திருந்தார். அடுத்தடுத்த பக்கங்களில், யாருக்கு எந்த எழுத்து தடுக்கிறது, யார் காலையில் சாப்பிடாமல் வந்து பத்து மணிக்கெல்லாம் மேசையில் தலை சாய்த்துவிடுகிறார், யார் சந்தை நாளில் மட்டும் வராமல் போகிறார் என்றெல்லாம் எழுதியிருந்தது. வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் அவர் கரும்பலகை முன்னால் நின்றிருக்கிறார். மற்ற நேரமெல்லாம் நோட்டு திருத்துவது, கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடுவது, மதிய உணவு வரிசையைப் பார்த்துக்கொள்வது. "போகும்போது ஆசிரியர் என்று நினைத்துக்கொண்டு போனேன் சார், அங்கே உதவியாளர்தான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

சரி, ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். பள்ளி என்று ஆரம்பித்து, போகப்போக "அநாதை இல்லமும் சேர்த்துத்தான்" என்று பேச்சு மாறினால் ஒத்துக்கொள்ளவேண்டாம். கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தது தெரியவந்தது. வெளிநாட்டுத் தன்னார்வலர் வந்தால் நன்கொடையும் வருகிறது என்பதற்காகவே, வறுமையில் இருக்கும் குடும்பங்களிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்ப்பது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2017-ல் நவீன அடிமைமுறையைப் பற்றி விசாரித்தபோது இதையும் சேர்த்தே விசாரித்தது. 2019-ல் ஐ.நா. பொதுச்சபையின் குழந்தை உரிமைத் தீர்மானமும் இதைக் குறிப்பிட்டது. மாலையில் அம்மாவிடம் திரும்பிப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் இந்தச் சிக்கல் இல்லை. பகல் பள்ளியாகவே பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு வாரம், மூன்று வாரம் என்று போய்வருவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. பிள்ளைகள் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் இவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள், அடுத்த வாரம் இன்னொருவர் வந்து மறுபடியும் முதல் பாடத்திலிருந்து தொடங்குவார். வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அமெரிக்க அரசு அமைப்பான பீஸ் கோரில் மொத்தம் 27 மாதம், அதில் முதல் மூன்று மாதம் போல மொழியும் பயிற்சியும்தான். மகள் அவ்வளவு காலம் இருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு முழுக் கல்வியாண்டு என்று அவர் கேட்பது சரியான அளவு. போகுமுன் அந்த ஊர் மொழியில் வணக்கம் சொல்லவும், எண்ணவும், "வலிக்கிறதா?" என்று கேட்கவும் கற்றுக்கொண்டு போகட்டும்.

"என் பெண்ணிடமே போலீஸ் சான்று கேட்கிறார்கள்" என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அம்மா, அது நல்ல அறிகுறி. பிள்ளைகளின் பக்கத்தில் யாரை விடுகிறோம் என்று பார்க்கிற பள்ளி அது. பிரிட்டனில், வெளிநாட்டில் பிள்ளைகளோடு வேலை செய்யப் போகிறவர்களுக்கென்றே சர்வதேசக் குழந்தைப் பாதுகாப்புச் சான்றிதழ் என்று ஒன்று வழங்குகிறார்கள். சான்று மட்டும் இல்லாமல் நடத்தை விதிகளும் எழுத்தில் இருக்கவேண்டும்: மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது, பெற்றோர் சம்மதமின்றிப் படம் எடுத்துப் போடக்கூடாது, தனிப்பட்ட முறையில் பணமோ பரிசோ கொடுக்கக்கூடாது. எதையுமே கேட்காமல் "உடனே வாருங்கள்" என்று ஒரு பள்ளி கூப்பிட்டால்தான் நீங்கள் பயப்படவேண்டும். உங்கள் மகளைச் சோதிக்காதவர்கள், அங்கே அவரோடு தங்கப்போகும் மற்றவர்களையும் சோதித்திருக்கமாட்டார்கள்.

நீங்கள் பாம்பையும் கலவரத்தையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான் கவலை. உலக அளவில் 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதல் காரணம் சாலை விபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். உகாண்டா, கென்யா பக்கம் 'போடா போடா' என்று சொல்லும் வாடகை மோட்டார் சைக்கிள்தான் பல இடங்களில் போக்குவரத்தே. ஹெல்மெட் இல்லாமல் ஏறுவதில்லை, இருட்டிய பிறகு நெடுஞ்சாலைப் பயணம் இல்லை என்று மகளிடம் வாக்கு வாங்குங்கள். காப்பீட்டில் அவசர மருத்துவ இடமாற்றச் செலவு, அதாவது சிகிச்சைக்காக வேறு ஊருக்கோ நாட்டுக்கோ கொண்டுபோகும் செலவு, அடங்குகிறதா என்று பாலிசியைப் பிரித்துப் படித்துப் பாருங்கள்.

பயண மருத்துவரைக் கிளம்புவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னதாகவே பார்க்கவேண்டும். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் சில நாடுகள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உள்ளேயே விடாது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்று செல்லும். 2016 ஜூலையிலிருந்து அது ஆயுள் முழுதும் செல்லுபடியாகிறது, பத்தாண்டுக்கு ஒருமுறை போடவேண்டும் என்று யாராவது சொன்னால் அது பழைய விதி. மலேரியா உள்ள இடமென்றால் கொசுவலையும் மாத்திரையும். ஊர் திரும்பியதும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. மருந்தைப் பொறுத்து ஒரு வாரமோ நான்கு வாரமோ தொடர வேண்டியிருக்கும். திரும்பி வந்து சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதலில் சொல்லவேண்டியது எந்த நாட்டிலிருந்து வந்தோம் என்பதைத்தான்.

மதம் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கவலை வரிகளுக்கு நடுவே தெரிகிறது. ஒவ்வொரு சபைக்கும் ஒவ்வொரு வழக்கம். சில சபைகள் 'இவற்றை நான் நம்புகிறேன்' என்று சொல்லும் விசுவாச அறிக்கையில் கையெழுத்தும் போதகரின் கடிதமும் கேட்கும். சில இடங்களில் காலை ஜெபத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தால் போதும் என்பார்கள். உடை, மது, இரவில் வெளியே போவது இவற்றுக்கும் விதிகள் இருக்கும். ஊழியத்துக்கு, அதாவது மதப் பணிக்கு, ஆள் எடுக்கிறார்களா, பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் எடுக்கிறார்களா என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டால் இரு தரப்புக்கும் நல்லது. மனசுக்கு ஒப்பாததில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓராண்டு நடிக்க முடியாது.

இதில் சட்டமும் உண்டு. நேபாளத்தில் மதம் மாற்றுவது குற்றம், ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு, வெளிநாட்டவரானால் தண்டனை முடிந்ததும் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். "பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னேன், அவ்வளவுதான்" என்பது அங்கே எடுபடாமல் போகலாம். விசாவும் அப்படித்தான். "சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்கிறவர்களை நம்பவேண்டாம். சம்பளம் வாங்காவிட்டாலும் பல நாடுகளின் பார்வையில் அது வேலைதான். கென்யா போன்ற நாடுகளில் மத, தொண்டுப் பணிகளுக்கென்றே தனி அனுமதி வகை இருக்கிறது. அதைப் பள்ளியோ சபையோ முன்னின்று எடுத்துத் தரவேண்டும்.

பணம் பற்றிச் சுருக்கமாக: விமானக் கட்டணம், காப்பீடு, விசா, ஊசி பெரும்பாலும் நம் செலவு. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் ஒரு தொகை கேட்பதும் நியாயம்தான், ஏழைப் பள்ளி ஏன் நம் பிள்ளைக்குச் சோறு போடவேண்டும்? இடைத்தரகு நிறுவனம் பெரிய தொகை கேட்டால், அதில் பள்ளிக்கு எவ்வளவு போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் பணம் கட்டாதீர்கள்.

கடைசியாக, ஓராண்டு வீணாகுமா என்ற கேள்வி. ஆசிரியப் பயிற்சி, சமூகப்பணி, பொதுச் சுகாதாரம், வளர்ச்சித் துறை இவற்றில் ஏதாவது ஒன்றுக்குப் போகப்போகிறார் என்றால் வீணாகாது. வேறு துறை என்றால் இதைத் தனித் தகுதியாக யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள், ஆனால் இதனால் வேலை கிடைக்காமலும் போகாது. முறையான ஆசிரியர் அனுபவமாக இதைக் கணக்கில் எடுப்பார்கள் என்றும் எண்ணவேண்டாம். போகுமுன் 120 மணி நேர ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழ் படிப்பு ஒன்றை முடித்துவிட்டால் பள்ளிக்கும் உதவும், பிறகு சுயவிவரத்திலும் நிற்கும்.

அந்த நோட்டு இளைஞரிடம் நேர்காணலில் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: "அங்கே என்ன செய்தீர்கள்?" முதல் நேர்காணலில் "ஏழைப் பிள்ளைகளுக்குச் சேவை செய்தேன்" என்று சொல்லியிருக்கிறார். எதிரே இருந்தவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இரண்டாவது இடத்தில் நோட்டை நினைத்துக்கொண்டு பேசியிருக்கிறார்: 64 பேர் உள்ள வகுப்பு, வாசிக்கத் திணறியவர்கள் 11 பேர், ஆசிரியையோடு சேர்ந்து தினமும் அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்தோம், ஒன்பது மாதத்தில் ஏழு பேர் தானாக ஒரு பக்கம் வாசித்தார்கள், நான்கு பேரிடம் எங்களால் முடியவில்லை, ஏன் முடியவில்லை என்றால்... அந்த 'ஏன்' பற்றியே இருபது நிமிடம் பேச்சு போனதாம். வேலை கிடைத்தது. ஆகவே மகளும் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளட்டும். பிள்ளைகளின் பெயர்கள் உள்ள அந்த நோட்டை யாரிடமும் காட்டாமல் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது, அந்த இளைஞர் என்னிடம் காட்டியதுகூடச் சரியில்லைதான். கிளம்பும்போது தேதிகள், மணி நேரம், வகுப்பு, செய்த வேலை எல்லாம் குறிப்பிட்ட கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் பள்ளியின் முத்திரையோடு வாங்கிவரவேண்டும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.

இந்த வாரத்துக்குள் அந்த மின்னஞ்சலை மகளே எழுதி அனுப்பட்டும், நீங்கள் எழுதவேண்டாம். பதில் வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அதற்கு முன்னால் யாருக்கும் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.