ஆறாம் ஆண்டுக்குப் பாடசாலை தேடுகிறீர்களா? எட்டாம் ஆண்டுக் கொப்பியைக் கேட்டு வாங்குங்கள்

தங்கச்சி, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் நாலு புள்ளியால் மகனுக்கு றோயல் கல்லூரி கிடைக்கவில்லை, வீட்டில் மூன்று நாளாக யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, வேறு இரண்டு பாடசாலைகளில் எதில் போடுவது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் பிள்ளைக்குச் சாப்பாட்டைப் போடுங்கள். மேன்முறையீடு செய்ய விரும்பினால் செய்யுங்கள், அதில் தப்பில்லை, ஆனால் அதையே நம்பிக்கொண்டு மற்றப் பாடசாலைகளைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். வெட்டுப்புள்ளி என்பது அந்தப் பாடசாலையில், அந்த மொழிமூலத்தில் எத்தனை இடம் இருந்தது, எத்தனை பேர் அதை விருப்பமாகப் போட்டார்கள் என்பதைக் காட்டுகிற எண். உள்ளே ஏழாம் எட்டாம் ஆண்டில் என்ன படிப்பிக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. கொழும்பில் தமிழ்மொழி மூலத்தில் ஆண் பிள்ளைகளுக்கு றோயல், டி.எஸ். சேனநாயக்க, இசிப்பத்தன, பம்பலப்பிட்டி இந்து என்று எண்ணினால் விரல் சீக்கிரம் முடிந்துவிடும், எல்லோரும் அந்த நாலைந்தையே போட்டால் புள்ளி ஏறத்தான் செய்யும்.

நீங்கள் எழுதிய இரண்டு பாடசாலைகளில் எது நல்லது என்று பெயர் சொல்லி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கணிதம் படிப்பிக்கிற ஒரு ஆசிரியர் இடமாற்றத்தில் போனாலே ஒரு பாடசாலையின் நிலைமை ஒரு தவணைக்குள் மாறிவிடும். எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன், பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

வாசலில் கட்டியிருக்கும், ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்தவர்களின் 9 ஏ பனரைக் கடந்து உள்ளே போங்கள். புலமைப்பரிசிலில் வடித்தெடுத்த பிள்ளைகள் 11ஆம் ஆண்டுச் சாதாரண தரப் பரீட்சையில் 9 ஏ எடுத்தால், அதில் பாடசாலையின் பங்கு எவ்வளவு, ரியூசனின் பங்கு எவ்வளவு, பிள்ளை கொண்டுவந்த கெட்டித்தனம் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக, கடைசியாகப் பரீட்சை எழுதியவர்களில் எத்தனை பேர் உயர்தரம் படிக்கத் தகுதி பெற்றார்கள், கணிதத்தில் எத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்று கேளுங்கள். தமிழ்ப் பிரிவுக்குத் தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் மூன்று மொழிமூலமும் இருக்கிற பெரிய பாடசாலையில் மொத்தக் கணக்கு உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. அதிபரோ பகுதித் தலைவரோ புத்தகத்தைத் திறந்து பார்த்துப் பதில் சொன்னால் நல்ல அறிகுறி. "எங்கட பிள்ளைகள் எல்லாம் நல்லாச் செய்யிறவை" என்று சிரித்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது. உங்கள் தொடர்மாடியிலோ கோயிலிலோ அந்தப் பாடசாலையில் எட்டாம் ஆண்டு படிக்கிற ஒரு பிள்ளை இருக்கும். கெட்டிக்காரப் பிள்ளை வேண்டாம், நடுத்தரமானது. அதனுடைய கணிதக் கொப்பியையும் விஞ்ஞானக் கொப்பியையும் ஒரு இரவுக்கு வாங்கிவந்து பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனையாம் பாடத்தில் நிற்கிறது, திகதிகளுக்கு நடுவில் இரண்டு மூன்று கிழமை வெறுமையாக இருக்கிறதா, சிவப்பு மை அங்கங்கே சரி போட்டுவிட்டுப் போயிருக்கிறதா இல்லை பிழையை எங்கே விட்டான் என்று எழுதியிருக்கிறதா, அந்தப் பிழையைப் பிள்ளை திரும்பச் செய்து காட்டியிருக்கிறானா. மூன்றாம் தவணையிலும் கொப்பி பாதிப் புத்தகத்தில் நின்றால் மீதி ரியூசனில்தான் நடக்கிறது என்று அர்த்தம், அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். கொப்பி பொய் சொல்லாது. அந்தப் பிள்ளையிடமே இன்னொன்றும் கேளுங்கள்: ஆசிரியர் வராத பாடவேளையில் என்ன செய்வீர்கள்? வேறு ஆசிரியர் வந்து ஏதாவது வேலை தருகிறாரா, அல்லது வகுப்புத் தலைவன் கரும்பலகையில் சத்தம் போட்டவர்களின் பெயரை எழுதிக்கொண்டு நிற்கிறானா?

ஏன் இதில் இவ்வளவு நேரம் நிற்கிறேன் என்றால், ஐந்தாம் ஆண்டுவரை வகுப்பாசிரியர் ஒருவரே பெரும்பாலான பாடங்களையும் பார்த்துக்கொள்வார், பிள்ளை முகம் வாடினாலும் அவருக்குத் தெரியும். ஆறாம் ஆண்டில் பாடத்துக்கு ஒரு ஆசிரியர், ஒரேயடியாக வரலாறு, புவியியல், குடியியல், இரண்டாம் மொழி என்று பாடங்களும் கூடும். புலமைப்பரிசில் முடிந்தது, சாதாரண தரத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று வீடும் பாடசாலையும் சேர்ந்து மூச்சு விடுகிற நேரம் இது. பத்தாம் ஆண்டில் கணிதம் விளங்கவில்லை என்று என்னிடம் வருகிற பிள்ளைகளோடு பேசிப்பார்த்தால் அநேகமாக ஏழிலும் எட்டிலும் அட்சரகணிதம் விட்டுப்போயிருக்கும். கொழும்பிலும் தமிழ்மொழி மூலத்தில் கணித, விஞ்ஞான ஆசிரியர்களுக்குத் தட்டுப்பாடு இருக்கிறது, அதனால் ஆறு முதல் ஒன்பது வரை இந்தப் பாடங்களுக்கு இப்போது ஆள் இருக்கிறாரா, உயர்தர ஆசிரியரை இடையில் இழுத்துச் சமாளிக்கிறார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

பாடசாலை வகை பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உண்டு, 1சி என்றால் கலை, வர்த்தகம் இருக்கும், விஞ்ஞானம் இராது, வகை 2 என்றால் 11ஆம் தரத்தோடு முடியும். பக்கத்தில் இருப்பது வகை 2 என்பதற்காக மூக்கைச் சுளிக்க வேண்டாம், சாதாரண தரப் பெறுபேற்றை வைத்து உயர்தரத்துக்கு வேறு பாடசாலைக்குப் போக வழி இருக்கிறது. தேசிய பாடசாலையா மாகாணப் பாடசாலையா என்பதிலும் பெரிதாக மண்டையை உடைக்காதீர்கள். ஒன்று மத்திய கல்வி அமைச்சின் கீழ், மற்றது மேல் மாகாணத்தின் கீழ், பாடத்திட்டமும் பரீட்சையும் ஒன்றுதான்.

சிங்களம். இதைத் தமிழ்ப் பெற்றார் பலர் கேட்பதே இல்லை. 2007 யூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்கிறவர்கள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும், தனியார் துறையிலும் கொழும்பில் சிங்களம் தெரியாமல் வாடிக்கையாளருக்கு முன்னால் நிற்க முடியாது. ஆகவே இரண்டாம் மொழியான சிங்களத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா, பேச வைக்கிறாரா என்று பாருங்கள். இருமொழிக் கல்வி இருந்தால், ஆறாம் ஆண்டிலிருந்து கணிதம், விஞ்ஞானம் போன்ற சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கலாம். நல்ல விஷயம்தான், ஆனால் மகனுக்கு ஆங்கில வாசிப்பு இன்னும் தட்டுத்தடுமாறினால் அவசரப்பட்டுப் போட்டுவிட்டு விஞ்ஞானத்தையும் சேர்த்துத் தொலைக்க வேண்டாம்.

தூரத்தை எல்லோரும் கடைசியில் யோசிக்கிறார்கள், நான் முதலில் யோசிக்கச் சொல்வேன். வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்குக் காலி வீதியில் எந்த பஸ்ஸும் போகும். கொட்டாஞ்சேனைப் பக்கம் என்றால் கோட்டை, புறக்கோட்டை நெரிசலைத் தாண்ட வேண்டும். 7.30 மணிக்குப் பாடசாலை என்றால் வான் விடியவே வந்து ஹோர்ன் அடிக்கும், மற்றப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு போகும். பின்னேரம் ரியூசனும் இருந்தால் அந்தப் பிள்ளை எப்போது நித்திரை கொள்வது? சேர்க்கும் முன் ஒரு வேலைநாளில் அதே நேரத்துக்கு நீங்களே பஸ்ஸில் போய்ப் பாருங்கள், அப்படியே வாசலில் நின்று பிந்தி வருகிற பிள்ளைகளை எப்படி நடத்துகிறார்கள் என்றும் பாருங்கள். மலசலகூடத்தையும் கட்டாயம் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, பூட்டித் திறப்பை அலுவலகத்தில் வைத்திருக்கிறார்களா என்பது நிர்வாகத்தைப் பற்றி நிறையச் சொல்லும்.

காசு விஷயம். இலவசக் கல்வி என்றாலும் வசதிக் கட்டணம், பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பணம், விளையாட்டுப்போட்டி, ஒளிவிழா, வாணிவிழா என்று வரும். பற்றுச்சீட்டுத் தருவார்களா என்று மட்டும் கேளுங்கள். "மினிஸ்ட்ரியில் எனக்கு ஆள் இருக்கு, இவ்வளவு தந்தால் பெரிய பாடசாலையில் போட்டுத் தருகிறேன்" என்று யாராவது வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள், அனுமதிக்கு இலஞ்சம் வாங்கிய அதிபர்கள் இலஞ்ச ஆணைக்குழுவிடம் அகப்பட்ட செய்திகள் நீங்களும் படித்திருப்பீர்கள், கொடுப்பதும் குற்றம்தான்.

மகனிடமும் கேளுங்கள், ஆனால் "எந்தப் பாடசாலை வேணும்" என்று கேட்காதீர்கள், அவனுக்கு என்ன தெரியும் பாவம். அவனோடு படித்தவர்களில் யார் யார் எங்கே போகிறார்கள், கிரிக்கெட்டா சங்கீதமா எது இல்லாவிட்டால் கஷ்டப்படுவான் என்று கதைத்துப் பாருங்கள். இவ்வளவும் பார்த்தபிறகும் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தால் கிட்ட இருப்பதிலேயே போடுங்கள். இப்போது படிக்கிற பாடசாலையின் விடுகைப் பத்திரத்தை விடுமுறை தொடங்குவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள், பிறகு அதிபரைத் தேடிப்பிடிப்பது பெரிய பாடு.