சீனப் பேரரசர்கள் ஐரோப்பியப் பாதிரியார்களை அரசவையில் வைத்துக்கொண்டது ஏன்?

முக்கியக் காரணம் நாட்காட்டி. சீனாவில் பேரரசர் ‘வானத்தின் மைந்தன்’, அதாவது வானத்தின் ஆணையால் ஆள்பவர். நாட்காட்டியில் கிரகணக் கணிப்பு பிசகினால் அவருடைய மதிப்பே ஆட்டம் கண்டுவிடும்.

1668 டிசம்பரில், 14 வயதுப் பேரரசர் காங்ஷி ஒரு சோதனை வைத்தார்: நட்டுவைத்த கம்பத்தின் நண்பகல் நிழல் எவ்வளவு நீளம் விழும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவர் இயேசு சபைப் பாதிரியார் ஃபெர்டினாண்ட் வெர்பீஸ்ட். அடுத்த ஆண்டே வானியல் துறைப் பொறுப்பு அவருக்கு வந்தது. அப்புறம் பெய்ஜிங் வானாய்வகத்துக்கு ஆறு கருவிகள் செய்தார். இன்றும் அங்கே பார்க்கலாம். காங்ஷி அவரிடம் யூக்ளிடின் வடிவியலையும் கற்றார். ஒரு பேரரசர் மாணவராக உட்கார்ந்தது எனக்கு மிகவும் பிடித்த காட்சி.

அறிவு ஒரு பக்கமாக மட்டும் போகவில்லை. சீனாவின் ஜிங்டெஜென் நகரத்துப் பீங்கான் செய்முறையை 1712-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் விரிவான கடிதமாகத் தன் நாட்டுக்கு எழுதி அனுப்பினார்.