கடலை வெட்டிக்கொண்டு போகும் பாலம், நடுவில் காணாமல் போவது ஏன்?

ஹாங்காங், மக்காவ், சீனப் பெருநிலத்திலுள்ள சூஹாய் மூன்றையும் இணைக்கும் பாலத்தைப் பற்றி சுவாரசியமான தகவல் கேட்டிருக்கிறீர்கள். நீளம் 55 கிலோமீட்டர் என்பதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள், எனக்குப் பிடித்தது வேறு: பாலம் பாதிக் கடலில் திடீரென்று மறைந்துவிடும்!

முத்து ஆற்றின் முகத்துவாரம் பெரிய சரக்குக் கப்பல்கள் போகும் பாதை. அவை அடியில் நுழைய வேண்டுமென்றால் பாலத்தை மிக உயரமாகத் தூக்க வேண்டும், பக்கத்திலேயே ஹாங்காங் விமான நிலையம் இருப்பதால் உயரமான கோபுரங்களுக்கும் வழியில்லை. சரி, மேலே முடியாதென்றால் கீழே போவோம் என்று இரண்டு செயற்கைத் தீவுகளை உருவாக்கி, அவற்றுக்கிடையே 6.7 கிலோமீட்டருக்குக் கடலடிச் சுரங்கம் போட்டார்கள். அதுவும் குடைந்ததல்ல. கரையிலேயே வார்த்த பிரம்மாண்டமான கான்கிரீட் குழாய்த் துண்டுகளை (பெரும்பாலானவை 180 மீட்டர் நீளம்) மிதக்கவிட்டு இழுத்துவந்து, கடலடியில் தோண்டிய பள்ளத்தில் இறக்கி ஒன்றோடொன்று பொருத்தினார்கள். 33 துண்டுகள். 180 மீட்டர் துண்டு ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 80,000 டன்!

அப்புறம் ஒரு வேடிக்கை. ஹாங்காங்கிலும் மக்காவிலும் வண்டிகள் இடப்பக்கம் ஓடும், சீனப் பெருநிலத்தில் வலப்பக்கம். முதன்மைப் பாலத்தில் வலப்பக்கம்தான், எல்லைச் சாவடிப் பகுதிகளில் பக்கம் மாறிக்கொள்ள வேண்டும்.

2009 இறுதியில் தொடங்கிய வேலை, 2018 அக்டோபரில்தான் திறப்பு. நடந்தோ சைக்கிளிலோ போக அனுமதி கிடையாது, சொந்தக் காருக்குத் தனி அனுமதி வேண்டும். சுற்றிப்பார்க்கப் போகிறவர்களுக்குப் பேருந்துதான் சுலபம்.