பெண்ணுறுப்பு வலிக்கும் பி.ஜி.ஏ.டி.க்கும் ஷாக்வேவ் தெரபி எடுக்கலாமா?

வல்வோடினியா (பெண்ணுறுப்பின் வெளிப்பகுதி வலி), பி.ஜி.ஏ.டி. (ஆசையில்லாமலே உறுப்பில் அடங்காமல் நிற்கும் கிளர்ச்சி) இரண்டுக்கும் சேர்த்து ஒரு கிளினிக்கில் ஷாக்வேவ் பேக்கேஜ் சொல்லியிருக்கிறார்கள், எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பிசியோதெரபிஸ்ட், குதிகால் வலிக்காக இந்த மெஷினைத் தினமும் கையில் பிடிக்கிறவள். முதலாவதற்கு யோசிக்கலாம், இரண்டாவதற்கு இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில்.

பெயரைக் கேட்டு பயப்பட வேண்டாம், கரண்ட் எதுவும் உடம்பில் பாயாது, வெறும் அழுத்த அலைதான். 1980இல் ஜெர்மனியின் மியூனிக்கில் சிறுநீரகக் கல்லை உடைக்க முதன்முதலில் பயன்படுத்தினார்கள், அப்புறம் அலையின் சக்தியைக் குறைத்து குதிகால், முழங்கை என்று வந்து, பிறகு ஆண்களின் விறைப்புக் குறைபாட்டுக்கும் போனது. பெண்கள் பக்கம் வந்தது ரொம்பத் தாமதமாகத்தான் (ஆச்சரியமா என்ன!).

வல்வோடினியா என்றால் தொற்றோ புண்ணோ எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கும் வலி, எரிச்சல். இதற்கு செக் நாட்டின் பிராகாவில் 62 பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. பாதிப் பேருக்கு நிஜ சிகிச்சை, மீதிப் பேருக்குப் போலி, யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. வாரம் ஒரு தடவை, நான்கு வாரம், பெண்ணுறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள பகுதியில். நிஜ சிகிச்சை எடுத்தவர்களுக்கு வலி நன்றாகவே குறைந்தது. நல்ல செய்திதான், ஆனால் சின்ன ஆய்வு, சிகிச்சை முடிந்து 12 வாரம் வரைதான் பார்த்தார்கள், ஒரு வருடம் கழித்து வலி திரும்புமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

பி.ஜி.ஏ.டி. வேறு கதை. ஆசையே இல்லாமல் உறுப்பில் கிளர்ச்சி உணர்வு மணிக்கணக்கில், சிலருக்கு நாள்கணக்கில் நிற்கும். உச்சம் அடைந்தாலும் அடங்காது. 2001இல்தான் மருத்துவ உலகம் இதற்குப் பெயரே வைத்தது, அதுவரை இந்தப் பெண்களை யாரும் நம்பவில்லை என்றே சொல்லலாம். காரணம் உறுப்பிலேயே இருக்கலாம், இடுப்புத் தளத் தசையிலோ உறுப்புக்கு உணர்வு தரும் பியுடென்டல் நரம்பிலோ இருக்கலாம், முதுகுத்தண்டின் அடியில் டார்லோவ் சிஸ்ட் என்ற நீர்க்கட்டியாகவோ கிழிந்த டிஸ்க்காகவோ இருக்கலாம், சிலருக்கு மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தியதில் கூட ஆரம்பித்திருக்கிறது. டிஸ்க்கில் கோளாறை வைத்துக்கொண்டு கீழே அலை அடித்தால் என்ன ஆகப்போகிறது? முதலில் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உறுப்பை மரத்துப்போகச் செய்து, உணர்வு அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். அடங்கவில்லை என்றால் மேலே தேடுவார்கள், தேவைப்பட்டால் முதுகுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பார்கள். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், மறுபடி தொடங்காதீர்கள்.

வல்வோடினியாவுக்கும் முதலில் மகளிர் மருத்துவர் பார்த்து பூஞ்சை, தோல் நோய் எதுவும் இல்லை என்று உறுதி செய்யட்டும், பிறகு இடுப்புத் தளப் பயிற்சி தெரிந்த பிசியோவிடம் போங்கள். பலருக்கு அதிலேயே நல்ல மாற்றம் தெரியும். அதற்கு மேலும் வேண்டுமென்றால் ஷாக்வேவ். கர்ப்பமாக இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தாலோ, அந்த இடத்தில் தொற்றோ புற்றுநோயோ இருந்தாலோ வேண்டாம்.

கிளினிக்கில் மெஷின் ஃபோகஸ்டா (அலையை உள்ளே ஒரு இடத்தில் குவிப்பது) ரேடியலா என்று கேளுங்கள். ரேடியல் விலை குறைவு, அதனால் நிறைய இடங்களில் அதுதான் இருக்கும். அதன் அலை மேலோட்டமாகப் பரவும், உண்மையான அதிர்வலையும் கிடையாது. கேட்டதற்கு முழித்தாலோ, பத்து சிட்டிங்குக்கு மொத்தப் பணத்தையும் முதல் நாளே கட்டச் சொன்னாலோ, நானாக இருந்தால் எழுந்து வந்துவிடுவேன்.